ஈரத்துணி பட்ட அம்மா படம்

இயேசு மரி சூசை

எர்ணாவூர்

அன்பு மகள் ஜூடிக்கு அப்பா எழுதுவது. ஆண்டவர் புண்ணியத்தில் நான் நலம், முட்டி வலியை விட்டுவிடு. கொல்கத்தாவில் நீ வேளைக்குச் சாப்பிடுகிறாய் என்றால் நீயும் நலம் என்று எடுத்துக்கொள்கிறேன். போன் இருக்கக் கடிதம் எதற்கு என்பாய். உன் குரலைக் கேட்டாலே மழை, முட்டி வலி என்று எதையோ உளறி வைத்துவிடுகிறேன், விஷயம் வாயில் வரவில்லை கண்ணு.

கல்லறைத் திருநாளுக்குப் போய் அம்மா கல்லறையைக் கழுவி வெள்ளையடித்து, சாமந்தி போட்டு மெழுகுவத்தி ஏற்றிவிட்டு வந்தேன். பக்கத்து வீட்டு லூயிஸும் வந்தான். வந்த கையோடு, ஜனவரியில் உன் ஓவியக் கண்காட்சிக்கு நீ கேட்ட, சின்னதில் நீ வரைந்த அம்மா படத்தைச் சுவரிலிருந்து இறக்கினேன். உனக்குத் தெரியாதா, இங்கே காலையில் துடைத்த ஜன்னலில் மத்தியானம் விரலால் பேர் எழுதலாம், துறைமுகத்திலிருந்து வருகிற கரித்தூசி அவ்வளவு. பெரிய மனுஷர்கள் பார்க்கிற இடத்துக்கு உன் அம்மா ஆலிஸ் கலீஜாகப் போகக் கூடாதே என்று ஈரத்துணியால் துடைத்தேன். துணியெல்லாம் கறுப்பு. அடேயப்பா, எவ்வளவு அழுக்கு என்று சந்தோஷமாக இன்னும் அழுத்தித் துடைத்தேன். லூயிஸ் எட்டிப் பார்த்து, "இன்னாண்ணே, அண்ணி மூஞ்சி எங்க போச்சு?" என்றான். பார்த்தால் புடவை இருக்கிறது, கம்மல் இருக்கிறது, கண்ணுக்குக் கீழே இருந்த கறுப்பும் கன்னத்துக் குழியும் இல்லை. யாரோ ஒரு பொம்பளை பளபளவென்று உட்கார்ந்திருக்கிறாள்.

அப்புறம்தான் உறைத்தது. பெயின்ட் வாங்க வழியில்லாத நாளில் ஜன்னல் கட்டைத் தூசியை வழித்து ஹார்லிக்ஸ் பாட்டிலில் சேர்ப்பாய், கஞ்சியில் குழைத்து வரைவாய். "இன்னாடி, வூட்டுக் குப்பைய பத்திரம் பண்ணிகினு கீற" என்று அம்மா கத்துவாள். ஒருத்தரும் சொல்லித் தராமல் காலண்டர் பின்பக்கம் படகு போட்டு, கோயில் தேர்ப்பலகையில் றெக்கை வைத்த சம்மனசு போட்டு, ஆள் முகத்துக்கு வந்தாய். முதல் முகம் அவளுடையது. அவள் நெஞ்சில் இறங்கி இருமலாய் வந்த அதே கரியில் அவளை வரைந்திருக்கிறாய். அந்தச் சின்ன வயதில் அவள் களைப்பு உன் கண்ணில் பட்டிருக்கிறது. கூடக் குடித்தனம் பண்ணின நான் அதை அழுக்கு என்று துடைத்திருக்கிறேன். சிலுவைப் பாதையில் வெரோணிக்கம்மாள் ஆண்டவர் முகத்தைத் துடைத்த துணியில் அந்த முகமே வந்தது, நான் துடைத்ததில் இருந்த முகமும் போச்சு. அந்தப் படம் இல்லாமல் உன் ஆரம்பத்தைக் காட்ட முடியாது என்று நீ சொன்னது காதிலேயே நிற்கிறது. நானே சரி பண்ணலாம் என்று பிரஷ்ஷை எடுத்தேன், இருந்த இடத்திலேயே திரும்ப வைத்துவிட்டேன். திட்டு, வாங்கிக்கொள்கிறேன். பேசாமல் மட்டும் இருந்துவிடாதே.

அங்கே பனி இறங்கும், காதை மூடிக்கொண்டு வெளியே போ. மாதாவும் உன் அம்மாவும் உனக்குத் துணையிருக்கட்டும். கிறிஸ்துமஸுக்கு மறக்காமல் வந்துவிடு. இப்போதெல்லாம் நான் ஜன்னலைத் துடைப்பதில்லை. கட்டையில் விழுவதை வழித்து அதே ஹார்லிக்ஸ் பாட்டிலில் சேர்க்கிறேன், பாட்டில் அடி மறைகிற அளவு சேர்ந்திருக்கிறது. நீ வந்ததும் கஞ்சி காய்ச்சித் தருகிறேன்.

உன் அப்பா
வால்டர்