உன் அண்ணன் அமுக்கிய பூஜ்யம்

மகள் வீட்டில் மகாராணியாய் இருக்கும் என் மனைவிக்கு,

இங்கு நலம். பேத்திக்கு என் முத்தம். இனி அவமானத்துக்கு வருகிறேன். ஊர் வாய் உன் காதுக்கு வருவதற்குள் நானே சொல்லிவிடுவது நல்லது. நேற்று ஆபீசில் எல்லார் முன்னாலும் உன் அண்ணனைப் பார்த்துக் கத்தினேன். கத்தின வேகத்தில் என் பல்செட் கழன்று அவர் டீக்குள் விழுந்துவிட்டது. பல்லைக் கடித்துக்கொண்டு இருக்கச் சொல்லிவிட்டுப் போனாய். கடிக்க ஏது பல்?

எங்கள் கம்பெனியில் பாட்டில் தண்ணீரைச் சுத்தம் செய்ய ஓசோன் வாயு விடுகிறோம் அல்லவா? அது வெளியே கசிந்தால் நெஞ்சைப் பதம் பார்த்துவிடும். அதைக் கண்காணிக்கத்தான் சுவரில் அந்தக் கருவி. உள்ளே ஒரு புற ஊதா விளக்கு. காற்றில் ஓசோன் இருந்தால் அந்த ஒளியை விழுங்கும்; எவ்வளவு மங்கியது என்று பார்த்துக் கருவி அளவு சொல்லும். விளக்குக்கும் என்னைப்போல் வயதாகும், கண்ணாடியில் அழுக்குப் படியும், கணக்கு மெல்ல நகரும். அதனால் அவ்வப்போது கரி வடிகட்டி வழியாக ஓசோன் இல்லாத காற்றை அனுப்பி, 'இதுதான் பூஜ்யம்' என்று அதற்குச் சொல்லித்தர வேண்டும். அது என் வேலை.

உன்னை அங்கே கொண்டுபோய் விட நான் லீவு போட்டிருந்தபோது அலாரம் அடித்திருக்கிறது. உன் அண்ணன் மானேஜர் அல்லவா, விளக்குக்கு வயசாச்சு என்று அவராகவே முடிவுகட்டி, வடிகட்டியைத் தொடாமல், அறைக் காற்றை வைத்தே பூஜ்யம் பட்டனை அமுக்கிவிட்டார். அப்புறம் தினமும் காலையில் பல் தேய்க்கிற மாதிரி அமுக்கல். எடை மெஷினில் ஏறி நின்று, முள்ளைப் பூஜ்யத்துக்குத் திருப்பிவிட்டு, 'இளைச்சுட்டேன்' என்கிற ஆளை என்ன செய்வது?

பாட்டிலுக்கு மூடி போடும் அக்கா நெஞ்சு எரியுது, இருமல் நிக்கல என்று அழுதிருக்கிறாள். "மெஷினே பூஜ்யம் காட்டுது, உனக்கு மட்டும் எங்கேர்ந்து வருது இருமல்? நடிக்காதே" என்று சொல்லி வேலையை விட்டே அனுப்பிவிட்டார். அவள் வீட்டு அடுப்பு அந்தச் சம்பளத்தில்தான் எரிகிறது.

நான் வந்து வடிகட்டின காற்றை அனுப்பினேன். கருவி பூஜ்யத்துக்கும் கீழே போய் மைனஸ் காட்டியது! அப்படியென்றால் உன் அண்ணன் அதற்குப் பூஜ்யம் என்று சொல்லித்தந்தது ஓசோன் கலந்த காற்றை. பூஜ்யத்தைச் சரிசெய்து அறைக் காற்றை விட்டதும் அலாரம் கட்டிடத்தையே பெயர்த்தது. ஓசோன் மெஷினை நிறுத்தினோம். பார்த்தால், குழாய் இணைப்பில் கசிவு. உன் அண்ணன் சொல்கிறார்: "விடுங்க மாப்பிள்ளை, இப்பதான் சரியாயிடுச்சே." அந்த அக்காவைக் கூப்பிடுங்கள் என்றேன். "மானேஜர் போய் மன்னிப்பு கேக்கறதா?" என்றார். பல் பறந்தது அப்போதுதான்.

என் பேச்சு அவரிடம் எடுபடாது. உன் குரலுக்குத்தான் அடங்குவார். இன்றைக்கே பேசு. அவரே அவள் வீட்டுக்குப் போய், டாக்டரிடம் கூட்டிப்போய், திரும்ப வேலைக்குக் கூப்பிட வேண்டும். அதுவரை நம் வீட்டுப் படி ஏற வேண்டாம் என்று சொல்லிவிடு.

உன் வழி பார்த்திருக்கும்,
உன் வீட்டுக்காரன்

பி.கு.: ஒன்று விட்டுப்போயிற்று. அலாரம் அடித்ததும் நான் கேட்டுக்கு வெளியே ஓடிவிட்டேன். மூக்கைப் பொத்திக்கொண்டு உள்ளே போய் மெஷினை நிறுத்தியது உன் அண்ணன்தான்.