என் கட்டைவிரல் மறைத்த நான்கு புத்தகங்கள்

மதிப்பிற்குரிய நூலகர் அவர்களுக்கு,

கடிதத்தை இப்படித்தான் ஆரம்பிக்க வேண்டும் என்றார்கள். ஆரம்பித்துவிட்டேன். உங்கள் மேல் எனக்குள்ள மதிப்பு அந்த ஒரு சொல்லோடு தீர்ந்தது.

கையெழுத்தை மன்னிக்க வேண்டும். கோணல் மாணலாக, ஒன்று பெரிதும் ஒன்று சிறிதுமாக, மேடேறிப் பள்ளம் இறங்கும். நாற்பத்தாறு வருஷம் வீடுகளுக்குப் பெயின்ட் அடித்தவன் நான். சுவரும் கூரையும் சேரும் இடத்தில் நூல் பிடிக்காமலே நேர்கோடு இழுப்பேன். அதே கை பேனாவைப் பிடித்தால் நடுங்குகிறது. 'ழ' போடும்போது நாக்கு தானாக வெளியே வருகிறது. கையெழுத்துக்கு மட்டும் மன்னித்தால் போதும். மற்ற எதற்கும் மன்னிப்புக் கேட்கும் எண்ணம் எனக்கு இல்லை.

நான் யார் என்று தெரிந்திருக்கும். தினமும் சாயங்காலம் நாலு மணிக்கு நீங்கள் போன் செய்து புத்தகம் வாசித்துக் காட்டுகிறீர்களே, அந்த அம்மாவின் வீட்டுக்காரன். பின்னால் டம்ளர் வைக்கும் சத்தம் கேட்குமே, அது நான்தான்.

உங்களிடம் எனக்கு ஒரு பொருள் வேண்டும். அதற்காகத்தான் இந்தக் கடிதம். ஆனால் பழைய பெயின்டைச் சுரண்டாமல் புதிது பூசினால் நிற்காது. ஆகவே முதலில் சுரண்டுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பதினோரு வருஷமாக நீங்களும் உங்கள் வாசகர் குழுவும் என் வீட்டைத் தின்றுகொண்டிருக்கிறீர்கள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்ததில்லை. போனுக்குள்ளேயே நட்பு, போனுக்குள்ளேயே சண்டை, ஆனால் பார்சல் மட்டும் என் வாசலுக்கு வரும். முன்னறை நிறைந்தது. படிக்கட்டில் ஒரு ஓரமாகப் புத்தகங்கள் ஏறின. சமையலறைப் பரணில் பாத்திரத்தை இறக்கிவிட்டுப் புத்தகம் ஏறியது. ஃபிரிட்ஜ் கெட்டுப்போனபோது பழைய இரும்புக்குப் போடலாம் என்றேன். "உள்ள நாலு தட்டு இருக்குங்க, எதுக்குப் போடணும்?" என்றாள் உங்கள் தோழி. இப்போது அதைத் திறந்தால் விளக்கு எரியாது, புத்தகம் விழும். ஊரெல்லாம் சுவருக்கு நிறம் கொடுத்தவனுக்குத் தன் வீட்டுச் சுவர் என்ன நிறம் என்று மறந்துபோயிற்று. இதில் பாதிப் புண்ணியம் உங்களுடையது. பார்சல் உறை மேல் இருப்பது உங்கள் பெயர்தான் என்று இப்போது எனக்கே வாசிக்கத் தெரிகிறது.

ஆமாம், வாசிக்கத் தெரிகிறது. நன்றாக ஒரு தடவை படித்துக்கொள்ளுங்கள்.

அவள் கண் போன கதை உங்களுக்குத் தெரியும். பார்வையின் நடுவில் மட்டும் ஒரு கறை. ஓரம் தெரியும், நடு தெரியாது. என்னைப் பார்த்தால் இரண்டு காது தெரிகிறதாம், முகம் இல்லையாம். "நல்லதுதான், மூக்கைப் பாக்க வேண்டியதில்ல" என்று சிரிப்பாள். வாசிக்க முடியாது. ஆனாலும் எந்தப் புத்தகம் எங்கே இருக்கிறது என்று கைக்குத் தெரியும். ஆஸ்பத்திரியில் பதிவேட்டு அறையில் முப்பது வருஷம் வேலை பார்த்தவள் அல்லவா? கையை நீட்டுவாள், எடுப்பாள், மடியில் வைத்துக்கொள்வாள், முகர்வாள், திருப்பி வைப்பாள். அவள் அடுக்கும் முறையும் அவளுக்கு மட்டுமே தெரிந்த முறை. எந்தப் புத்தகம் எந்தப் புத்தகத்தைக் கூட்டிக்கொண்டு வந்ததோ, அதன் பக்கத்தில்தான் அது நிற்க வேண்டும். சொந்தக்காரர்களைப் பந்தியில் உட்காரவைப்பது போல.

டாக்டர் வெளிச்சம் நிறைய வேண்டும் என்றார். எட்டு மாதம் முன்னால் அவள் சிகிச்சைக்காக மகள் வீட்டுக்குப் போன நான்கு நாளில், முன்னறைக்கு வெள்ளை அடித்தேன். எழுநூற்றுச் சொச்சம் புத்தகத்தை நானே இறக்கி, நானே ஏற்றினேன். உயரப்படி அடுக்கினேன். குட்டை முதல் தட்டில், நெட்டை கடைசித் தட்டில், ஒரு தட்டில் எல்லாம் ஒரே உயரம். மேலே ரசமட்டம் வைத்தால் குமிழி அசையாது, அவ்வளவு சுத்தம். என் வேலையில் அதுதான் அழகு.

அவள் வந்தாள். பெயின்ட் வாசனைக்குச் சிரித்தாள். மூன்றாம் தட்டுக்குக் கையை நீட்டி ஒன்றை எடுத்தாள். தடவினாள், வைத்தாள். இன்னொன்றை எடுத்தாள். ஐந்து புத்தகம் அப்படி எடுத்து வைத்தாள். பிறகு ஸ்டூலில் உட்கார்ந்து, "நல்லா இருக்குங்க, பளிச்னு இருக்கு" என்றாள். அவ்வளவுதான். திட்டியிருக்கலாம்.

நாலு மணிக்கு உங்கள் போன். அவள் ஸ்பீக்கரில் போட்டிருந்தாள். நடந்ததைச் சொன்னாள். நீங்கள் சிரித்தீர்கள். "எழுத்து தெரியாதவர் கையில அலமாரிய குடுத்தா வேற எப்படிம்மா அடுக்குவாரு, உயரம் பாத்துத்தான்!" என்றீர்கள். நான் டீயோடு சமையலறை வாசலில் நின்றேன். அவள் சிரிக்கவில்லை. ஆனால் போனை வைக்கவும் இல்லை.

மறுநாள் காலையில் பெயின்ட் கடைக்குப் போனேன். கல்லாவில் உட்காரும் அம்மாவிடம், "எனக்கு எழுத்து சொல்லிக்குடுங்க, யார்கிட்டயும் சொல்லாதீங்க" என்றேன். "என்ன பெரியவரே, இந்த வயசுல காதல் கடிதமா?" என்றார். "இல்லம்மா, சண்டைக் கடிதம்" என்றேன். நிறங்களின் பெயர் அச்சடித்த அட்டைதான் என் முதல் பாடப்புத்தகம். நிறம் தெரியும், பெயர் தெரியாது. இரண்டையும் ஒட்டவைத்தோம். நான் வாசித்த முதல் சொல் 'தந்தம்'. அன்று கடையை விட்டு வெளியே வந்தால் தெரு முழுக்கக் கத்துகிறது! பல் டாக்டர், இங்கே நிறுத்தாதே, வாடகைக்கு, நாய் ஜாக்கிரதை. இத்தனை வருஷம் இதெல்லாம் என் தலைக்கு மேலே பேசிக்கொண்டிருந்ததா? நின்று நின்று படித்து வீட்டுக்கு வர ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. அந்த நாய் ஜாக்கிரதை வீட்டின் கேட்டுக்கு வருஷம் ஒருமுறை பெயின்ட் அடிக்கிறேன். மூன்று தடவை கடி வாங்கியிருக்கிறேன்.

கல்யாணமான புதிதில் அவளே சொல்லித்தருகிறேன் என்றாள். பெண்டாட்டி கையால் குட்டு வாங்க மாட்டேன் என்று வீம்பு பிடித்தேன். சரி, அது என் வீட்டுச் சமாசாரம்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் குழுவில் ஞாயிறுதோறும் ஆளுக்கொரு தட்டைப் படம் எடுத்துப் போடுவீர்கள். வெள்ளை அடிப்பதற்கு முன்னால் போட்ட எங்கள் தட்டுகளின் படம் எல்லாம் நான் எடுத்தது. அவள் கை ஆடும், என் கை ஆடாது. அவளுடைய பழைய போன் தண்ணீர் வாளியில் விழுந்து படங்கள் போயின. நீங்கள் எதையும் அழிக்காத ஆள் என்று அவள் பெருமையாகச் சொல்வாள். அந்தப் படங்களைப் பெரிதாக அச்செடுத்துத் தபாலில் அனுப்புங்கள். என் படத்தைத்தான் நான் கேட்கிறேன், உங்கள் சொத்தை இல்லை. அவள் மறுபடி கண்ணுக்கு ஊசி போட மகள் வீட்டில் இருக்கிறாள். இருபத்தெட்டாம் தேதி வருகிறாள். அதற்குள் ஒவ்வொன்றும் பழைய இடத்துக்குப் போயிருக்க வேண்டும். அவளிடம் மூச்சு விடக்கூடாது.

இதைப் போனில் கேட்டிருக்கலாம். வாயால் கேட்டால் நான் இன்னும் அந்தப் பழைய ஆள்தான் என்று நினைத்திருப்பீர்கள். உங்கள் முகவரியைக் கண்டுபிடித்ததும் நானே. வேலை செய்யும்போது தரையில் விரிக்க உங்கள் பார்சல் உறைகளைத்தான் வைத்திருக்கிறேன். ஊர் பெயர் மேல் வெள்ளைச் சொட்டு விழுந்திருந்தது. நகத்தால் சுரண்டிப் படித்தேன்.

இந்தக் கடிதம் எழுத ஒன்பது நாள் ஆயிற்று. கல்லா அம்மா பிழை திருத்தினார். திட்டியதை மட்டும் திருத்த விடவில்லை.

இப்படிக்கு,
உயரம் பார்த்து அடுக்கியவன்


நூலகர் அவர்களுக்கு,

மதிப்பிற்குரிய என்பதை இந்த முறை விட்டுவிட்டேன், மறதியால் இல்லை.

படங்கள் வந்தன, நாற்பத்தொன்று. நன்றி என்று எழுதினால் சரியாக எழுதினேனா என்று நீங்கள் திருத்துவீர்கள். மன்னிப்புக் கேட்டு எழுதியதையும் படித்தேன். மூன்று வரி. எட்டு மாதம் எழுத்துக் கூட்டியவனுக்கு மூன்று வரி! அதிலும் உங்கள் கையெழுத்து என்னுடையதைவிட மோசம். முப்பது வருஷம் நூலகத்தில் உட்கார்ந்தவர் இப்படியா எழுதுவது? கல்லா அம்மாவே தடுமாறினார்.

நிறத்தைப் பார்த்தே அடுக்கிவிடலாம் என்று நினைத்தேன். முடியவில்லை. ஒரே பதிப்பகம், ஒரே மஞ்சள், வரிசையாகப் பதினாறு. முதுகில் உள்ள பெயரைப் படித்தால்தான் ஆளைப் பிரிக்க முடியும். படித்தேன். ஆறு நாள், காலையிலிருந்து விளக்கு வைக்கும் வரை. ஒவ்வொரு பெயரையும் சத்தமாகச் சொல்லித்தான் வைத்தேன். பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப் பார்த்து, "யாரக் கூப்பிடறீங்க?" என்றார்.

நாலாம் தட்டில்தான் மாட்டிக்கொண்டேன். படத்தின் மூலையில் பெரிதாக ஒரு கட்டைவிரல். என்னுடையதுதான், நகத்தில் பச்சைப் பெயின்ட் கூட இருக்கிறது. அதற்குப் பின்னால் நான்கு புத்தகம். எதற்குப் பக்கத்தில் எது என்று உலகத்தில் ஒரு படத்திலும் இல்லை. என் விரலை நானே திட்டினேன். உங்களைத் திட்ட இதில் இடமில்லாதது வருத்தம்தான்.

கடைசியில் மிஞ்சிய அந்த நான்கையும் மேசையில் வைத்து முதல் பக்கத்தை எழுத்துக் கூட்டினேன், ஏதாவது உறவு தெரியுமா என்று. அதில் ஒன்றின் நடுவில் ஒரு பஸ் டிக்கெட். நூற்றுப் பன்னிரண்டாம் பக்கம். கண் டாக்டரிடம் முதல்முதலாகப் போய்வந்த நாளின் டிக்கெட். தேதி எனக்குத் தெரியும், நான்தான் அவள் கையைப் பிடித்து இறக்கினேன். அதற்குப் பிறகு அவள் அந்தப் புத்தகத்தைத் திறக்கவில்லை. உங்களையும் வாசிக்கச் சொல்லவில்லை. இந்த ஒன்றரை வருஷத்தில் எத்தனையோ வாசித்திருக்கிறீர்கள், இதன் பெயர் ஒரு நாளும் என் காதில் விழவில்லை. ஏன் என்று நான் கேட்கப்போவதில்லை. நான்கையும் குத்துமதிப்பாக வைத்தேன்.

இருபத்தெட்டாம் தேதி வந்தாள். முதல் தட்டில் கை வைத்தாள். எடுத்தாள், தடவினாள், வைத்தாள். அடுத்தது. அதற்கடுத்தது. பிறகு எடுக்கவே இல்லை. வெறும் முதுகுகளைத் தடவிக்கொண்டே நடந்தாள், தெரிந்தவர் வீடுகள் உள்ள தெருவில் நடப்பது போல. ஒவ்வொருவராகப் பெயர் சொன்னாள். நானும் அவள் பின்னால் மனதுக்குள் படித்துக்கொண்டே போனேன். ஒன்றுகூடத் தப்பவில்லை. நாலாம் தட்டின் மூலையில் கை நின்றது. இரண்டை எடுத்து இடம் மாற்றினாள். டிக்கெட் உள்ளதைக் கொஞ்ச நேரம் கையில் வைத்திருந்து, ஓரத்தில் செருகினாள்.

பிறகு என் காதுகளைப் பார்த்துச் சொன்னாள்: "நூலகர் போன்லயே சொல்லிச் சொல்லி உங்கள அடுக்க வெச்சாராக்கும்? எவ்வளவு பொறுமை அந்த மனுஷனுக்கு!"

"ஆமா" என்றேன்.

வேறு என்ன சொல்வது? எனக்கு எழுத்து தெரியும் என்று மார் தட்டியிருந்தால், அவள் சந்தோஷப்பட்டிருப்பாள், நாலு மணிக்கு உங்களிடமும் சொல்லியிருப்பாள், நீங்களும் சிரித்திருப்பீர்கள். வாயால் சொல்ல எனக்கு வேண்டாம். ஆக, என் ஆறு நாள் வேலையும் உங்கள் கணக்கில் ஏறியிருக்கிறது. அவள் நன்றி சொன்னால் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அது கைமாற்று. திருப்பித் தர வேண்டும்.

எப்படித் தருவது என்று சொல்கிறேன். வருகிற வெள்ளிக்கிழமை நாலு மணிக்கு உங்களுக்குத் தொண்டை கட்டியிருக்க வேண்டும். அதற்குள் இந்தக் கடிதம் வந்துவிடும், விசாரித்துவிட்டுத்தான் தபாலில் போடுகிறேன். போன் செய்து கரகரவென்று ரெண்டு வார்த்தை பேசுங்கள். இன்று முடியாதும்மா என்று வையுங்கள். வேறு யாரையும் ஏற்பாடு செய்துவிடாதீர்கள். உங்கள் குழுவில் வாசிக்கத் துடிக்கிற ஆள் இருபது பேர் இருப்பது எனக்குத் தெரியும்.

நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தை அவள் குளிக்கப் போகும் நேரத்தில் பழகுகிறேன். முதலில் பதினெட்டு நிமிஷம் ஆயிற்று. இப்போது ஒன்பது. நீங்களாக இருந்தால் இரண்டு நிமிஷம் என்று சொல்வீர்கள். சொல்லிக்கொள்ளுங்கள். அந்தப் பக்கத்தில் எட்டாவது வரியில் ஒரு நீளமான சொல் இருக்கிறது, அதில் ஒவ்வொரு தடவையும் கால் இடறுகிறது. வெள்ளிக்கிழமைக்குள் அதையும் தாண்டிவிடுவேன்.

உங்கள் தொண்டை ஒரே ஒரு நாள் கட்டட்டும். மற்ற நாளெல்லாம் நன்றாக இருக்கட்டும், நீங்களும் நீண்ட ஆயுளோடு இருங்கள். நூற்றுப் பதிமூன்றாம் பக்கத்துக்கு எனக்கு இன்னும் இரண்டு வாரம் வேண்டும். அதுவரை அவளுக்கு நாலு மணி ஆகிக்கொண்டே இருக்கும்.

வெள்ளிக்கிழமை என்ன நடந்தது என்று அடுத்த வாரம் எழுதுகிறேன். திட்டவும் கொஞ்சம் மீதி இருக்கிறது.

இப்படிக்கு,
அந்த அம்மாவின் வீட்டுக்காரன்