கிராணி ஐயா கேட்ட டின்

ஞாயிறு, இரவு.

குனோங் ராபாட் பெட்ரோல் நிலையத்தில் என் காருக்கு நானே பெட்ரோல் போட்டுக்கொண்டிருந்தேன். பக்கத்துப் பம்ப்பில் கிராணி ஐயா காரைவிட்டு இறங்காமல் உட்கார்ந்திருந்தார். தோட்ட ஆபீசில் கணக்கெழுதும் கிராணியாக வேலை பார்த்தவர். நான் தாப்பா நிலையத்தில் பெட்ரோல் ஊற்றும் வேலை பார்த்த காலத்தில் வாரம் தவறாமல் வருவார். என்னைப் பார்த்ததும் கண்ணாடியை இறக்கிச் சாவியை நீட்டினார்.

"ஃபுல் டாங்க் போடு தம்பி. எஞ்சின் எண்ணெயும் பாரு."

அந்த வேலையை விட்டு இருபது வருஷம் ஆகிறது என்று சொல்ல வாய் வரவில்லை. பெட்ரோல் போட்டேன். முன்கண்ணாடியைத் துடைத்தேன். எண்ணெய் குறைந்திருந்தது. கடையில் ஒரு பாட்டில் வாங்கி வந்து ஊற்றினேன். பிளாஸ்டிக் பாட்டிலைப் பார்த்ததும் அவர் முகம் மாறியது.

"டின் எங்கலா? வீட்ல செடி வைக்கக் கேட்டாங்க."

அப்போதெல்லாம் எண்ணெய் டின்னில்தான் வரும். காலி டின்னை அவருக்கென்று எடுத்து வைப்பேன். அவர் மனைவி அதில் கறிவேப்பிலை வளர்ப்பார். அந்த அம்மாவின் சாவுக்கு நானும் போயிருந்தேன்.

"தீந்துருச்சுங்கய்யா. நாளைக்கு எடுத்து வைக்கிறேன்."

"சரி, நாளைக்கு வாரேன்" என்று சாவியை வாங்கிக் காரை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

வண்டியே ஓட்டக் கூடாத மனிதரை நாளைக்கும் வரச் சொல்லியிருக்கிறேன், மடையன். அவர் மகனிடம் சொன்னால் அன்றைக்கே சாவியை வாங்கி வைத்துவிடுவான். சொல்லாமலும் இருக்க முடியாது.

வீட்டில் ஆணி போட்டு வைத்திருந்த பழைய எண்ணெய் டின்னைக் காலி செய்து கழுவிக் கவிழ்த்திருக்கிறேன். காலையில் அவர் கிளம்புவதற்குள் அவர் வீட்டுக்குப் போய்விட வேண்டும். டின்னை அவர் கையில் கொடுத்த பிறகுதான் மகனிடம் பேசுவேன்.