முர்ரேயின் வால்வும் என் சோப்பு டப்பாவும்

மே 4, ஞாயிறு

இந்த வயசில் இனிச் சேர்ந்தே இருப்போம் என்று போன மாதம் முர்ரே என் வீட்டுக்குக் குடிவந்தபோது ஒரு பையில் நாலு கம்பளிச் சட்டையைத் திணித்து எடுத்துவந்தான். இன்று அவனுடைய வால்வு ப்ரீ ஆம்ப் வந்தது, பழைய ரேடியோவில் இருக்குமே, அந்த மாதிரிக் கண்ணாடி வால்வு போட்ட பாட்டுப் பெட்டி. போர்வையில் சுற்றி, பிறந்த குழந்தையைப் போல மடியில் வைத்து. வண்டியை நான்தான் ஓட்டினேன். ஒவ்வொரு மேட்டிலும் "மெதுவா, மெதுவா" என்றான். இந்த டனீடன் ஊர் மேடுகளில் நாள் முழுக்க பஸ் ஓட்டுகிறவளிடம்!

ஸ்பீக்கரை இயக்கும் பவர் ஆம்ப் என்னுடையது. போன வருடம் வாங்கியது. புத்தக அளவு, சூடே ஆகாது. குனிந்து பார்த்தான்.

"இது ஆம்ப்ளிஃபயரா, சோப்பு டப்பாவா?"

"உன்னோடது என்ன, தண்ணி காய வைக்கிற அடுப்பா?"

இரண்டையும் இணைத்தோம். பாட்டு நன்றாகவே இருந்தது. பாடுகிறவள் அறைக்குள் வந்து உட்கார்ந்ததுபோல. அவனிடம் சொல்லவில்லை, தலைக்கனம் ஏறிவிடும். ஆனால் பாட்டு நின்றதும் ஸ்பீக்கரிலிருந்து ஒரு 'உஸ்ஸ்'.

மே 6

உஸ்ஸ். இன்றும்.

மே 11, ஞாயிறு

இரைச்சலே இல்லை என்று சாதிக்கிறான். ஸ்பீக்கரில் காதை ஒட்டவைத்து, "ஒண்ணுமே இல்லயே. உனக்குப் பழைய சாமான்னாலே ஆகாது" என்றான்.

"அப்படின்னா உன்னை எதுக்கு வீட்ல வச்சிருக்கேன்?"

சிரித்துவிட்டான். ஆனால் இன்னொரு தொல்லையை அவனே ஒப்புக்கொண்டான். ஒலிக் குமிழை ஒரு மயிரிழை திருப்பினாலே வீடு அதிர்கிறது. பழி என் சோப்பு டப்பாவுக்கு. அதற்கு அவசரபுத்தியாம்.

மே 17, சனி

முர்ரேயின் சிநேகிதன் பெவன் வந்தான். ஊரில் யார் வீட்டு ஆம்ப் மக்கர் செய்தாலும் அவனைத்தான் கூப்பிடுவார்கள். மழைக்கோட்டைக்கூடக் கழற்றவில்லை. வாசற்படியிலேயே நின்று, "என்ன மாப்ள, உள்ள பாம்பு வளக்குறியா?" என்றான்.

முர்ரே சிரித்தான். "ரெண்டு பேரும் முன்னாடியே பேசி வச்சுக்கிட்டீங்களா?"

பெவன் என்னைப் பார்த்தான். பிறகு ஜன்னலைப் பார்த்தான்.

விஷயம் எளிது என்றான். வால்வுப் பெட்டி ஏற்கெனவே சத்தமாய்ப் பேசுகிற ஆசாமி. புது ஆம்ப் எதைக் கேட்டாலும் பல மடங்காக்கித் திருப்பிச் சொல்கிற ஆசாமி. வால்வின் மெல்லிய இரைச்சலையும் சேர்த்துப் பெருக்கிவிடுகிறது. இரண்டுக்கும் நடுவில், ஒலியைக் கொஞ்சம் அடக்குகிற சின்னச் செருகியை மாட்டினால் போதும். வரவழைத்துத் தருகிறேன் என்றான். யார் மேலும் குற்றமில்லை.

சமையலறையில் சீஸ் ரோலைக் கடித்துக்கொண்டே குரலைத் தாழ்த்தினான். "நோலீன், அவனுக்குக் கேக்கல."

தெரியும். கூரையில் புகை அலாரம் பேட்டரி தீர்ந்து கீச் கீச்சென்று கத்தியபோது, அதற்கு நேர் கீழே அவன் நிம்மதியாய்க் குறுக்கெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தானே. தெரியும். எப்படிச் சொல்வது?

ஜூன் 2, திங்கள், விடுமுறை

சொன்னேன். சொல்லியிருக்கவே கூடாதோ?

"எனக்குக் காது செவிடுன்னு சொல்லி உன் டப்பாவைக் காப்பாத்தப் பாக்குறியா?"

ஒயரையெல்லாம் பிடுங்கினான். பெட்டியைப் போர்வையில் சுற்றித் தூக்கிக்கொண்டு போய் வண்டியில் ஏறினான். சரி, போ — எங்க போவ? உன் வீட்டத்தான் காலேஜ் பசங்களுக்கு வாடகைக்கு விட்டுட்டியே! ஜன்னல் வழியாகப் பார்த்தேன். வண்டி கிளம்பவில்லை. கண்ணாடியெல்லாம் மழை. உள்ளே பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருந்தான். கோபம் எனக்கு அங்கேயே போய்விட்டது. வண்டிக் கதவைத் திறந்து பக்கத்தில் ஏறிக்கொண்டேன்.

போர்வையின் ஓரத்தை இழுத்துவிட்டுக்கொண்டே பேசினான். "வால்வு சத்தம்தான் சத்தம்னு ஊரெல்லாம் சொல்லித் திரிஞ்சவன் நான். எனக்கே கேக்கலன்னா... இத்தனை நாளா என்னத்த கேட்டேன் நோலீன்?"

வாயில் வந்த கிண்டலை விழுங்கினேன். கையைப் பிடித்துக்கொண்டேன். சில்லென்று இருந்தது.

ஜூன் 12, வியாழன்

காது பரிசோதனை. பரிசோதித்தவள் சினா லியோட்டா என்ற சமோவா நாட்டுப் பெண். காது கேட்கும் அளவின் வரைபடத்தைத் திருப்பிக் காட்டினாள். பாதி வரை சமதரை, அப்புறம் எங்கள் தெருவைப் போல ஒரே சரிவு. மெல்லிய கூர்மையான சத்தங்கள்தான் போயிருக்கின்றன. பேச்சும் பாட்டின் கனத்த சுரங்களும் நன்றாகவே கேட்கின்றனவாம்.

"கூரை வேலை பாத்தீங்களா அங்கிள்?"

"உனக்கு யாரு சொன்னா?"

"இந்தச் சரிவுதான் சொல்லுது. தகரத்துல ஆணி அடிச்சவங்க நிறையப் பேரு இதோட வர்றாங்க."

முர்ரேயின் முகம் தெளிந்தது. வயசாகிவிட்டது என்பதைவிட, உழைத்துத் தேய்ந்தது என்பது அவனுக்குப் பிடித்திருந்தது. வீடு திரும்பும் வழியெல்லாம் எந்தெந்தக் கூரை தன்னுடையது என்று காட்டிக்கொண்டே வந்தான்.

ஜூன் 27, வெள்ளி

காதில் கருவி. வீட்டுக்குள் வந்ததும் ப்ரிட்ஜை முறைத்தான். "இது எப்பவும் இப்படித்தான் முனகுமா?" பிறகு வால்வுப் பெட்டியை அவனே மறுபடி மாட்டினான். பாட்டுப் போடவில்லை. ஸ்பீக்கர் முன்னால் சும்மா நின்றான்.

"உஸ்ஸுங்குது."

"அப்படியா?"

"வாய மூடு. சிரிக்காத."

சிரிக்கவில்லை. கொஞ்சம்தான்.

சாயங்காலம் பெவன் செருகிகளோடு வந்தான். விரல் நீளம்கூட இல்லை. மாட்டியதும் இரைச்சல் அடங்கியது. குமிழையும் இப்போது பாதி வரை தாராளமாய்த் திருப்ப முடிகிறது. முர்ரே என் ஆம்பைத் தட்டிக்கொடுத்து, "பரவாயில்ல, நல்ல புள்ளதான்" என்றான். என்னைத் தட்டிக்கொடுக்கவில்லை.

ஜூலை 5, சனி

பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன். முன்னறையில் அவனுடைய இசை ஓடிக்கொண்டிருந்தது. திடீரென்று நின்றது. மறுபடி ஏதாவது பழுதா என்று திரும்பினால், சமையலறை வாசலில் நிற்கிறான்.

"நீ பாடுவியா?"

"பாத்திரம் கழுவினா வாய் தானா முணுமுணுக்கும். எப்பவும்தான்."

"எப்பவுமா?"

"ஆமா."

"சுருதியே சேரல."

"போய் உன் பாட்டக் கேளு."

போகவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டான். "நிறுத்திட்டியே, பாடு" என்றான்.

கழுவின தட்டுகளையே இன்னொரு தடவை கழுவினேன்.