குழுவிலிருந்து விலகிய பார்வையாளரை சனிக்கிழமைக்குள் மீண்டும் சேர்க்கக் கோரி

அனுப்புநர்:
உறுப்பினர் 4
(தங்கள் ஆய்வில் எனக்கு இட்ட அடையாளம். என் பெயர் தங்கள் கோப்பில் உள்ளது. இங்கே எழுதினால் வீட்டில் யார் கண்ணிலாவது பட்டுவிடும்.)
மூத்த மகன் வீடு, கீழறை.

பெறுநர்:
தலைவர் அவர்கள்,
ஆய்வு நெறிமுறைக் குழு,
பல்கலைக்கழகம்.

பொருள்: இணைய உரையாடல் ஆய்வு முடிந்து பார்வையாளர் விலகியதால் நேர்ந்த இடர் குறித்து.

மதிப்பிற்குரிய ஐயா,

இதைப் புகார் என்பதா, விண்ணப்பம் என்பதா என்று எனக்கே தெளிவில்லை. புகார் என்றால்தான் தங்கள் மேசைக்கு வரும் என்று தங்கள் அலுவலகத்தில் சொன்னார்கள். ஆகவே அப்படியே அனுப்புகிறேன்.

1. நான் எடை அளவைத் துறையில் பணியாற்றி ஓய்வு பெற்றவன். கடைக்குக் கடை சென்று தராசுகளைச் சோதித்து முத்திரை இடுவது என் வேலை. எதையும் இரண்டு பக்கமும் பார்த்துத்தான் பேசுவேன் என்பதால் வீட்டில் என் பட்டப்பெயர் ‘தராசு’. மனைவி காலமான பின் ஒரு வாடகை அறையில் தனியே இருந்தேன். இரு மகன்கள், ஒரு மகள், மருமகள்கள், மாப்பிள்ளை எல்லோரோடும் எனக்குள்ள பேச்சுவார்த்தை குடும்ப வாட்ஸ்அப் குழுவில் மட்டுமே.

2. மக்கள் இணையத்தில் எவ்வாறு உரையாடுகிறார்கள் என்று அறியும் தங்கள் ஆய்வில், எல்லோருடைய சம்மதத்தோடும் என் மகள் எங்கள் குழுவைச் சேர்த்தாள். ‘பார்வையாளர்’ என்ற பெயரும் பல்கலைக்கழகச் சின்னமும் தாங்கிய ஓர் எண் குழுவில் வந்து அமர்ந்தது. அது ஒரு சொல்லும் பேசவில்லை. பேசக் கூடாது என்பது விதி.

3. அதற்கு முன் நான் குழுவில் எதைக் கேட்டாலும் பதில் வருவது அபூர்வம். கண் அறுவைக்கு யார் துணைக்கு வருவீர்கள் என்று கேட்டபோது, “ஆட்டோக்காரர் வருவார்ல” என்று இளைய மகன் எழுதினான். எல்லோரும் சிரிப்புப் படம் போட்டார்கள். சங்கடமாக இருந்ததால் நானும் ஒன்று போட்டேன். பார்வையாளர் வந்த மறுநாள் காலை அதே மகன், “அப்பா, கண்ணுக்கு மருந்து விட்டீங்களா? மறக்காதீங்க” என்று கேட்டான். மருந்து நின்று ஓராண்டு ஆகியிருந்தது. ஆனாலும் விட்டேன் என்றே எழுதினேன்.

4. சில வாரங்கள் கழித்து மூத்த மகன் குழுவில் எழுதியது இது: “அப்பா, அந்த ரூம்ல எதுக்குத் தனியாக் கெடக்குறீங்க? நம்ம வீட்டுக் கீழ் ரூம் உங்களுக்குத்தான். எப்ப வேணாலும் வாங்க.” மூத்த மருமகள், “மாமா வந்தாத்தான் வீடு நெறஞ்ச மாதிரி இருக்கும்” என்றார். மகள் கண் கலங்கிவிட்டதாகத் தெரிவித்தாள்.

5. நான் கடைக்குள் நுழையும் நாளில் தவறாக நிறுத்த தராசு ஒன்றைக்கூட என் பணிக்காலத்தில் பார்த்ததில்லை. காரணம் எனக்கு நன்றாகத் தெரியும். அப்படிப்பட்ட நான் அந்தச் செய்தியை நம்பியது தங்கள் ஆராய்ச்சியாளர்களின் குற்றமாகாது. அதைத் தினமும் காலையில் எடுத்துப் படித்தேன். பிறகு வாடகை அறையைக் காலி செய்வதாக வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் உடனே வேறொருவருக்கு விட்டுவிட்டார்.

6. நான் பெட்டிகளைக் கட்டி முடித்த மாலை, ‘பார்வையாளர் வெளியேறினார்’ என்று குழுவில் வந்தது. இளைய மகன், “அப்பாடா. இனி வாயைத் தொறக்கலாம்” என்றான். மாப்பிள்ளை, “நாடகம் முடிஞ்சுது. மாமா, நீங்களும் வேஷத்தைக் கலைச்சிடுங்க” என்றார். அப்போதாவது நான் விளங்கிக்கொண்டிருக்க வேண்டும். ஆனால் வண்டிக்குச் சொல்லியாகிவிட்டது.

7. மறுநாள் மூத்த மகன் வாசலில் நின்று பெட்டிகளையும் என்னையும் பார்த்தான். கோபப்படவில்லை. “அப்பா, அவங்க பாத்துக்கிட்டிருந்தாங்கன்னு எழுதினது அது. சின்னப் புள்ளைக்குக்கூடப் புரியும், உங்களுக்குப் புரியலையா?” என்று மட்டும் கேட்டான். கீழறையில் ட்ரெட்மில் இருக்கிறது. அதற்கும் சுவருக்கும் இடையே பாய் விரித்திருக்கிறேன். மருமகள் காலையில் அதில் நடக்கும்போது நான் வெளிப் படிக்கட்டில் உட்கார்ந்துகொள்கிறேன். நடையை முடிக்க அவர் ஒருநாளும் தாமதித்ததில்லை என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும்.

8. என் பங்குத் தவறு ஒன்றும் உண்டு. பார்வையாளர் இருந்தபோது, வெளியார் முன் பிள்ளைகளுக்குக் குறை வரக் கூடாதே என்று, முழங்கால் வலி அறவே இல்லை என்று எழுதினேன். இப்போது ஊருக்கு வெளியே ஒரு முதியோர் விடுதியைப் பார்த்து வைத்திருக்கிறார்கள். மூன்றாம் மாடி, லிஃப்ட் கிடையாது, ஆகவே கட்டணம் குறைவு. வலி இருக்கிறது என்றேன். “நீங்கதானப்பா இல்லைன்னு எழுதினீங்க” என்று மகள் அந்தச் செய்தியை எடுத்துக் காட்டினாள். அந்த நாட்களில் குழுவில் எழுதப்பட்டவற்றுள் இன்றும் செல்லுபடியாவது அது ஒன்றுதான்.

9. இந்த விவரங்களைத் தங்கள் ஆராய்ச்சியாளர் அம்மையாருக்கு எழுதினேன். மிகுந்த மரியாதையோடு பதில் அனுப்பினார். கவனிக்கப்படும்போது மக்கள் மாறுவதை இவ்வளவு தெளிவாகக் காட்டும் குழு வேறொன்று கிடைக்கவில்லை என்றும், என் கடிதத்தைக் கட்டுரையில் பயன்படுத்த அனுமதி வேண்டும் என்றும் கேட்டிருந்தார். விடுதி பற்றி எதுவும் இல்லை. மறுக்கத் தெரியாமல் அனுமதித்துவிட்டேன்.

10. புது எண் ஒன்று வாங்கி, ‘பார்வையாளர்’ என்று பெயரிட்டு நானே குழுவில் சேரலாமா என்றும் யோசித்தேன். உரிமையில்லாதவர் முத்திரை இடுவது குற்றம் என்று எத்தனையோ கடைக்காரர்களுக்குச் சொன்ன வாய் இது. அதனால் விட்டுவிட்டேன்.

விடுதி பற்றி ஞாயிறு காலை குழுவில் எல்லோரும் கருத்துச் சொல்லி முடிவெடுக்க இருக்கிறார்கள். ஆகவே தாங்கள் கருணை கூர்ந்து, சனிக்கிழமைக்குள் பார்வையாளர் எண்ணை எங்கள் குழுவில் மீண்டும் சேர்க்க உத்தரவிடக் கேட்டுக்கொள்கிறேன். சேர்க்கும் வசதி என் மகளின் கைபேசியில் உள்ளது. ஆய்வில் சிறு பகுதி விடுபட்டுவிட்டது என்று தங்கள் அலுவலகம் சொன்னால் அவள் மறுக்க மாட்டாள். எதையும் யாரும் படிக்க வேண்டியதில்லை. அந்த எண் உள்ள கைபேசியை மேசை இழுப்பறையில் போட்டுப் பூட்டிவிடலாம். பெயர் மட்டும் குழுவில் தெரிந்தால் போதும். பிள்ளைகள் நல்லவர்கள். யாராவது பார்க்க வேண்டும், அவ்வளவுதான்.

இம்மனுவையும் தரவாகப் பயன்படுத்திக்கொள்ளலாம். தனியே அனுமதி கேட்டு நாளைக் கடத்த வேண்டாம்.

தங்கள் உத்தரவை எதிர்நோக்கி,

(ஒப்பம்)
உறுப்பினர் 4

நாள்: வியாழக்கிழமை
இடம்: வெளிப் படிக்கட்டு