முன் சக்கரம் மட்டும்

அன்புள்ள குட்டிம்மாவுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் சுகம், உன் வண்டியின் முன் சக்கரம் எங்கள் இருவரையும்விடச் சுகம், அங்கே நீயும் நேரத்துக்குச் சாப்பிட்டு நேரத்துக்குத் தூங்குகிறாய் என்று நம்ப ஆசைப்படுகிறேன். போனில் சொல்ல வேண்டியதுதானே என்பாய். போனில் நான் வாயைத் திறந்தால் உன் அம்மா பக்கத்தில் உட்கார்ந்து வரிக்கு வரி திருத்துகிறாள், அதனால்தான் கடிதம். இதை அவள் மேலே இருக்கும்போது கீழே பார்க்கிங்கில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து எழுதுகிறேன்.

'வண்டியை வித்துடுங்கப்பா, சும்மாதானே நிக்குது' என்று நீ ஒரு வரி அனுப்பினாய் அல்லவா, அன்றைக்கே போய் உன் பைக்கின் உறையை விலக்கிப் பார்த்தேன். இன்ஜினுக்கு ஒரு குறையும் இல்லை, சக்கரங்கள்தான் பார்க்கச் சகிக்கவில்லை. அலுமினியம் துருப்பிடிக்காது என்று படித்திருப்பாய், துருப்பிடிக்காதுதான், ஆனால் வெள்ளை வெள்ளையாகப் பூத்து, பிரேக் தூளும் செயின் கிரீஸும் அப்பிக்கொண்டு சொறி வந்த மாதிரி கிடந்தது. இதை இப்படியே காட்டினால் வாங்க வருகிறவன் நம் குடும்பத்தைப் பற்றி என்ன நினைப்பான்? ஸ்டோர் சூப்பர்வைசராக இருந்தவன் வீட்டுப் பொருள் இப்படியா வெளியே போவது என்று பாலிஷ் போட உட்கார்ந்தேன். உட்கார்ந்த நேரம் பார்த்து மேல்மாடி கெமிஸ்ட்ரி வாத்தியார் வந்து சேர்ந்தார். 'கறைதானே சார், ஆசிட் பட்டா ரெண்டே நிமிஷம்' என்றார். படித்த மனுஷர் சொல்கிறாரே என்று கழிவறைக்கு ஊற்றுகிற திரவத்தைக் கொண்டுவந்து ஊற்றினேன். புஸ்ஸென்று நுரைத்தது. கறை அப்படியே நின்றது, சக்கரத்தின் களைதான் போயிற்று, திட்டுத் திட்டாகச் சாம்பல் அப்பிவிட்டது. வாத்தியார் குனிந்து உற்றுப் பார்த்து, 'பாருங்க, ரியாக்‌ஷன் நடந்திருக்கு' என்று மனம் குளிரச் சொல்லிவிட்டு மாடி ஏறிவிட்டார். அடுத்தது உன் அம்மாவின் பாத்திரம் தேய்க்கும் கம்பி நார். வட்ட வட்டமாகக் கீறல் விழுந்தது. அவ்வளவு முரட்டு நாரை வாங்கி வைத்தது யார் என்று நான் கேட்கலாம், கேட்கவில்லை, என் குணம் அப்படி.

பிறகு யார் பேச்சையும் கேட்காமல் முறையாக இறங்கினேன். சோப்புத் தண்ணீரில் கழுவி, மண்ணெண்ணெய்த் துணியால் கிரீஸை எடுத்து, உப்புத்தாளைத் தண்ணீரில் நனைத்து முதலில் சொரசொரப்பானது, அப்புறம் நைஸ், அப்புறம் அதைவிட நைஸ் என்று தேய்த்து, கடைசியில் பாலிஷ் பசை. அலுமினியத்தில் ஒரு விசேஷம், தேய்க்கத் தேய்க்கத் துணி கன்னங்கரேலென்று ஆகும், அழுக்குத்தான் வருகிறது என்று பயந்து நிறுத்தக் கூடாது. என் பனியன்கள் ஒவ்வொன்றாகக் காலியாயின. 'வண்டி வித்த காசு உங்க பனியனுக்கே சரியாப் போயிடும் போல' என்று உன் அம்மா தினமும் அர்ச்சனை. ஆசிட்டும் நாரும் பண்ணிய கோலத்தைச் சரிசெய்யவே இத்தனை நாளாகிவிட்டதால் முன் சக்கரம் மட்டும்தான் முடிந்தது. ஆனால் என்ன சக்கரம் தெரியுமா! அதில் பார்த்து முகச்சவரம் பண்ணலாம், ஒரு நாள் பண்ணியும் பார்த்தேன்.

போன ஞாயிறு வாத்தியார் ஒரு போட்டோகிராபரைக் கூட்டிவந்தார், வண்டி வாங்க. அந்தப் பையன் சுற்றிச் சுற்றி வந்தான், முன்னால் குனிந்தான், பின்னால் குனிந்தான். 'சார், முன் சக்கரம் மட்டும் புதுசா இருக்கே, எங்கயாவது மோதி மாத்தினதா?' என்றான். எனக்கு ஒரு பக்கம் பெருமை, ஒரு பக்கம் ஆத்திரம். தம்பி, இது கைவேலை என்று உப்புத்தாளிலிருந்து ஆரம்பித்து விளக்கிக்கொண்டே இருக்கிறேன், டீ கொண்டுவந்த உன் அம்மாவைப் பார்த்து, 'நீங்க சொல்லுங்கம்மா' என்றான். பக்கத்து வீட்டுக்காரி புடவை எப்படி இருக்கிறது என்று கேட்டால்கூடப் பொய் சொல்லத் தெரியாதவள் உன் அம்மா. தட்டை நீட்டியபடியே, 'ஆமாப்பா, லாரில மோதினது, பொண்ணு பொழச்சதே பெரிசு' என்றாள். பையன் டீயைக்கூடக் குடிக்கவில்லை. என் தலையில் கல்லைத் தூக்கிப் போட்டுவிட்டு அவள் பாட்டுக்கு மேலே போய்விட்டாள். நடக்காத விபத்தில் உன்னை லாரிக்கடியில் தள்ளியதுகூட இருக்கட்டும், என் உழைப்பைக் கடையில் வாங்கின சக்கரம் என்று சொல்லிவிட்டாளே!

மேலே போய்ப் பிலுபிலுவென்று பிடித்துக்கொண்டேன். ஏன்டி இப்படிப் பண்ணினாய், பொழுது விடிந்தால் வண்டி, பக்கெட், பனியன் என்று கரித்துக்கொட்டியது நீதானே என்றேன். துணி மடித்துக்கொண்டே சொன்னாள், 'வண்டியும் போயிட்டா அப்புறம் அவளுக்கு இங்க என்ன இருக்கு? எதுக்கு வரணும்?' என்று. ஏன், நாம் இல்லையா என்று கேட்டேன். 'நம்மளத்தான் போன்லயே பாத்துக்கறாளே' என்றாள்.  நான் கீழே வந்து ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன், குட்டிம்மா.

அதனால் ஒன்று மட்டும் கேட்கிறேன். திரும்பி வரும் உத்தேசம் இருந்தால் எப்போது என்று சொல். இல்லையென்றால் இல்லை என்று சொல், நாங்கள் தாங்கிக்கொள்வோம், சத்தம் போடுவோம், அப்புறம் தாங்கிக்கொள்வோம். வரமாட்டேன் என்று சொல்ல வேண்டிய இடத்தில் வண்டியை விற்றுவிடுங்கள் என்று எழுதாதே. நான் அதை வண்டியைப் பற்றிய வரி என்று நினைத்து இத்தனை நாள் சக்கரம் தேய்த்துக்கொண்டிருந்தேன், உன் அம்மாவுக்கு அன்றைக்கே புரிந்திருக்கிறது.

உடம்பைப் பார்த்துக்கொள், எங்கே இருந்தாலும் நீ நன்றாக இருக்க வேண்டும், அதில் எங்களுக்கு இரண்டாவது பேச்சு இல்லை. சளி விட்டதா என்று அம்மா கேட்கச் சொல்லவில்லை, நான்தான் கேட்கிறேன். பதிலை எனக்கு எழுதாதே, அவளுக்கு எழுது.

என்றும் உன் நினைவாக,
அப்பா