எலி தின்ற சரக்கும் எர்கோலேயின் பூனையும்

1681, மே 9. லிவோர்னோ துறைமுகத்துக்கு வெளியே

கரை தெரிகிறது, கால் வைக்க முடியாது. ஸ்மிர்னாவிலிருந்து வரும் கப்பல் என்றாலே இவர்களுக்குக் கொள்ளைநோய் ஞாபகம் வந்துவிடும். நாற்பது நாள் காவல், இன்று ஐந்தாவது நாள். யாரும் இறங்கக்கூடாது, யாரும் ஏறக்கூடாது. காய்கறியும் முட்டையும் மட்டும் படகில் வந்து, கயிற்றில் கட்டிய கூடையில் மேலே ஏறும். மீறினால் தூக்கு. துறைமுகக் கோடியில் அந்த மரத்தை நிறுத்தியே வைத்திருக்கிறார்கள், கப்பலில் இருந்து பார்த்தாலே தெரியும்.

எங்களைக் கண்காணிக்க பாச்சோ என்று ஒரு காவலனை ஏற்றிவிட்டிருக்கிறார்கள். மூக்கு நோண்டிய விரலாலேயே முட்டையை எடுத்துக் கொடுக்கிறான். விலை கரையில் விற்பதைப் போல மூன்று மடங்கு. கேட்டால், "கோழியும் காவல்ல இருக்குதும்மா" என்று தன் நகைச்சுவைக்குத் தானே சிரிக்கிறான். பல்லெல்லாம் பச்சை. இன்று முட்டை வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

மே 12

எழுதவே கூசுகிறது. எழுதாமல் இருக்கவும் முடியவில்லை.

என் ஆட்டுமயிர் மூட்டைகளைக் காற்றாட வைக்கக் கரையோரக் காவல் கொட்டடிக்குக் கொண்டுபோனார்கள். சரக்குக்காரி என்பதால் என்னையும் படகில் ஏற்றிக்கொண்டார்கள். அங்கே சுமைக்காரர்களுக்கு ஒரு வேலை உண்டு. ஒவ்வொரு மூட்டையிலும் தோள்வரை வெறும் கையை விட்டுத் துழாவ வேண்டும். சரக்கில் நோய் இருந்தால் முதலில் அவனுக்கு வரும், ஊர் தெரிந்துகொள்ளும். என்ன பிழைப்போ.

முதல் மூட்டையில் கை விட்டவன் "ஐயய்யோ!" என்று உருவினான். கை நிறைய ரோஸ் நிறத்தில் எலிக்குஞ்சுகள், கண் திறக்காமல் நெளிந்தன. அடுத்த மூட்டையில் கூடு, புழுக்கை, ஒரு செத்த எலி. அதற்கடுத்ததிலும் அப்படித்தான். பால் வெள்ளையாக நான் பார்த்துப் பார்த்து வாங்கிய மயிர் முழுக்க மஞ்சள் கறை. அந்த மூத்திர நாற்றம் இப்போதும் என் தொண்டையில் நிற்கிறது. அங்கேயே வாந்தி எடுத்தேன்.

கப்பித்தான் எர்கோலே கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு வந்து பார்த்தான்.

"எலி குட்டி போட்டா அதுக்கு நான் என்னம்மா பண்றது? நானா போட்டேன்?"

மாலுமிகள் சிரித்தார்கள். சிரிக்கட்டும்.

மே 13

ராத்திரி தூங்காததில் ஒரு நன்மை, புத்தி தெளிந்திருக்கிறது.

இந்தக் கடலில் தொழில் செய்கிற எல்லோருக்கும் தெரிந்த சட்டம்: கப்பலில் பூனை இருந்தும் எலி சரக்கைக் கெடுத்தால் அது சரக்குக்காரனின் விதி. பூனை இல்லாமல் கெட்டால் கப்பித்தான் முழு நஷ்டத்தையும் கொடுக்க வேண்டும். செத்துப்போன என் கணவர் சரக்கு ஏற்றும்போதெல்லாம் முதலில் பூனையைத்தான் பார்ப்பார், பிறகுதான் பாய்மரத்தை.

எர்கோலேயின் கப்பலில் பூனை இல்லை. ஸ்மிர்னாவில் ஏறின அன்றே கேட்டேன். "எங்க கப்பல்ல எலிக்கே சோறு கிடையாது தாயே, பூனைக்கு எங்க போறது?" என்றான். இன்னும் மூன்று மூட்டை கூடுதலாக ஏற்ற இடம் தேடுகிறவனுக்கு ஒரு பூனைக்கு மீன்தலை போட மனசு வரவில்லை. இனி கொடுக்கட்டும்.

அந்தப் பணம் வந்தால் லிவோர்னோவில் விலை பேசி வைத்திருக்கிற கால்வாய்க்கரை வீடு எனக்கு. வீட்டுக்காரர் சான் ஜொவான்னி திருநாள் வரை காத்திருப்பதாகச் சொல்லியிருக்கிறார். வராவிட்டால்? வராவிட்டால் ஸ்மிர்னாவில் கொழுந்தன் பந்தலேயோவின் வீட்டு அடுக்களைக்குத் திரும்ப வேண்டியதுதான். கிளம்பும்போது அவன் என் பெட்டியைக் கூடத் தூக்கவில்லை. "எதுக்குத் தூக்கணும்? ஆறு மாசத்துல திரும்பி எறக்கணுமே" என்றான். அவன் மனைவி என் கணவரின் கோப்பைகளை அப்போதே தன் அலமாரியில் அடுக்கிக்கொண்டிருந்தாள்.

திரும்ப மாட்டேன். இந்த மூட்டைகள்தான் என் வீடு. எலி தின்றது என் சுவரை.

மே 17

கப்பலில் பூனை இருக்கிறது.

மே 17, மாலை

நிதானமாக எழுதுகிறேன்.

காலையில் காய்கறிப் படகு வந்தது. ஓட்டி வந்தவன் பாச்சோவின் மருமகன், அவன் அக்கா பையன். வழக்கம்போலக் கூடை மேலே வந்தது. பாச்சோ அதை வாங்கி என் பக்கம் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றான். கீரைக் கட்டு அசைந்தது. கீரை எங்காவது அசையுமா? நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். கீரைக்கு நடுவில் இருந்து ஒரு சாம்பல் வால் வெளியே வந்தது.

மத்தியானம் கப்பித்தான் அதைக் கையில் வைத்துக்கொண்டு, எல்லார் கண்ணிலும் படும்படி மேல்தளத்தில் உலாவினான். மாலுமி ஒவ்வொருவனும் அதைத் தடவிக்கொடுத்தான். கொஞ்சலைப் பார்த்தால் சொந்தப் பிள்ளைக்கும் அப்படிக் கொஞ்சியிருக்க மாட்டார்கள்.

"இது எப்ப வந்துச்சு?" என்று கேட்டேன்.

"என்னம்மா இப்படிக் கேக்குறீங்க? ஸ்மிர்னாவுல உங்களோடதான ஏறுச்சு? உங்களுக்குத்தான் கடல் மயக்கம், ஒண்ணும் கவனிக்கல."

சொன்ன முகத்தில் ஒரு சுருக்கம் இல்லை. இந்த மாதிரிப் பொய்யைக்கூட மன்னித்துவிடலாம் போலிருக்கிறது, அதைச் சொல்கிறபோது காட்டுகிற மரியாதைதான் குமட்டுகிறது.

மே 18

எர்கோலேயை நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டேன். காய்கறிக் கூடையில் வந்த பூனை என்று எனக்குத் தெரியும், நீதிபதியிடம் சொல்வேன் என்றேன்.

அவன் கோபப்படவே இல்லை. ஒலிவக் கொட்டையைக் கடலில் துப்பிவிட்டு உட்காரச் சொன்னான்.

"சொல்லுங்க தாயே. தாராளமா சொல்லுங்க. காவல்ல இருக்குற கப்பலுக்குள்ள பூனைய விட்டது யாரு? பாச்சோ. கொண்டு வந்தது யாரு? அவன் மருமகன். ரெண்டு பேருக்கும் கயிறு. எனக்கு? எனக்கு ஒண்ணுமே தெரியாது. மாலுமிங்க கேட்டாங்க, காவக்காரன் வித்தான். அபராதம் போடுவாங்க, கட்டிட்டுப் போறேன்."

"நீதான ஏவின?"

"காவக்காரன் சொல்றதையா கேப்பாங்க, கப்பித்தான் சொல்றதையா? சொல்லணும்னா சொல்லுங்க. ரெண்டு கழுத்து, உங்களுக்கு ஒரு வீடு. கணக்கு உங்க கையில."

எனக்கும் தனக்கும் நடுவில் இன்னொருத்தன் கழுத்தைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, ஒலிவப்பழம் நீட்டுகிறான். வேண்டுமா என்று கேட்கிறான்! தட்டிவிட்டேன். தட்டோடு கடலில் விழுந்தது. அதற்கும் சிரித்தான்.

மே 19

எதற்காக அந்தப் பாச்சோ அப்படிச் செய்தான்? ஒரு தோல்பை ஒயினுக்காக. சமையற்காரன் சொன்னான். ஒரு தோல்பை. அதிலும் நல்ல ஒயின் இல்லை.

மே 27

பாச்சோ வந்தான். யாரோ விஷயத்தைச் சொல்லியிருக்கிறார்கள். தொப்பியைக் கழற்றி நெஞ்சில் வைத்துக்கொண்டு நின்றான். தலையில் சொறி.

"அம்மா, நீங்க அன்னிக்கு அந்தப் பக்கம் பாக்கலதானே?"

வால் வரைக்கும் பார்த்தேன் என்றேன்.

"பூனைன்னா அது ஒரு பண்டமா அம்மா? துணி இல்ல, பஞ்சு இல்ல. நோய் உள்ள போகலையே, வெளிய வரலையே. பூனைதான உள்ள வந்துச்சு. நான் என்ன பெருசா..."

"உன் மருமகனுக்குத் தெரியுமா, மாட்டினா என்ன ஆகும்னு?"

"அவன் சின்னப் பய. நான் சொன்னேன், செஞ்சான்."

பிறகு சட்டைக்குள் கையை விட்டு நாலு முட்டையை எடுத்து நீட்டினான். "இதுக்குக் காசு வேணாம்மா."

ஒரு முட்டை கைதவறி என் காலடியில் விழுந்து உடைந்தது. அழுகல் முட்டை. உயிருக்குக் கெஞ்ச வந்தவன் அழுகல் முட்டையோடு வந்திருக்கிறான்! எனக்குச் சிரிப்பதா, அறைவதா தெரியவில்லை. பிறகு பார்த்தேன், அவன் காற்சட்டை முன்பக்கம் நனைந்திருந்தது.

கடவுளே, ஒரு நல்ல மனிதனாகக் கொடுத்திருக்கக் கூடாதா? இவனுக்காகவா நான் வீட்டை விட வேண்டும்? இவனைத் தொட்ட கயிற்றைக்கூட நான் தொட மாட்டேன்.

ஜூன் 2

சொல்லிவிடுவேன். முடிவு செய்துவிட்டேன். சட்டத்தைச் செய்தது நானா? கூடையை வாங்கியது நானா?

ஜூன் 5

கனவில் பந்தலேயோவின் அடுக்களை. நான் குனிந்து பாத்திரம் தேய்க்கிறேன். பாத்திரத்துக்குள் கண் திறக்காத குஞ்சுகள்.

ஜூன் 14

காவல் முடிந்தது. கரையில் கால் வைத்ததும் தரை ஆடுகிறது. ஆலயத்துக்குப் பக்கத்தில் ஒரு தையற்காரர் மனைவியிடம் மாடியறை எடுத்திருக்கிறேன். வழக்கு இருபதாம் தேதி.

கால்வாய்க்கரைப் பக்கம் போய் அந்த வீட்டை வெளியில் இருந்து பார்த்தேன். மூன்று ஜன்னல். சொந்தக் கதவு. ஒருத்தி தன் கதவைத் தானே சாத்திக்கொள்வது எவ்வளவு பெரிய விஷயம் என்று கொழுந்தன் வீட்டில் இருந்து பார்த்தவளுக்குத்தான் தெரியும்.

ஜூன் 20

கடல் வழக்கு நீதிபதி வயதானவர், காது கொஞ்சம் மந்தம். எர்கோலே பூனையின் கழுத்தில் சிவப்பு நாடா கட்டிக் கொண்டுவந்திருந்தான். சாட்சி அல்லவா! நீதிபதி அதன் காதைச் சொறிந்துவிட்டார். அது அவர் மேஜையிலேயே படுத்துக்கொண்டது.

மாலுமிகள் ஒவ்வொருவராகச் சிலுவையில் கை வைத்தார்கள். ஸ்மிர்னாவிலிருந்து பூனை இருந்தது, இருந்தது, இருந்தது. ஒருவன் கண்ணைத் துடைத்துக்கொண்டான். "புயலடிச்சப்ப என் மடியிலதான் ஐயா ஒண்டிக்கிச்சு." எந்தப் புயல்? வழியெல்லாம் கடல் எண்ணெய் மாதிரி கிடந்தது. சிலுவையும் பாவம், எத்தனை கையைத்தான் பொறுக்கும்.

நீதிபதி என்னைப் பார்த்தார். "அம்மா, பூனை பின்னாடிதான் வந்துச்சுன்னா, எப்ப வந்துச்சு? கொண்டாந்தவங்களப் பாத்த சாட்சி இருக்கா?"

வாசல் பக்கம் பாச்சோ நின்றான். அவன் எதற்கு வந்தான்? பயத்தில் வீட்டில் இருக்க முடியாமல் வந்திருப்பான். பக்கத்தில் அந்த மருமகன். மீசைகூட ஒழுங்காக முளைக்கவில்லை. பேச்சு புரியாதவன் மாதிரி பூனையையே பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தான். தன் கூடையில் வந்த பூனை இங்கே மேஜைமேல் படுத்திருக்கிறதே என்று பெருமை போல.

என் நாக்கில் வார்த்தை இருந்தது. சத்தியமாக இருந்தது.

"சாட்சி இல்லைங்க" என்றேன். "எனக்குக் கடல் மயக்கம். பூனை இருந்துச்சு போல."

"போலவா, இருந்துச்சா?"

"இருந்துச்சு."

முடிந்தது. சிலுவையில் நானும் கை வைத்தேன். மாலுமிகள் தொட்ட ஈரம் அதில் அப்படியே இருந்தது.

வெளியே வரும்போது எர்கோலே குனிந்து வணங்கினான். "பெரிய மனசு தாயே." அவன் காலடியில் துப்பினேன். குறி தப்பவில்லை.

ஜூன் 24

சான் ஜொவான்னி. ஊரெல்லாம் தீ மூட்டிக் கொண்டாடுகிறார்கள். பணம் வரவில்லை, வீடு வேண்டாம் என்று வீட்டுக்காரருக்குச் சொல்லி அனுப்பிவிட்டேன்.

நல்ல காரியம் செய்தால் மனசு லேசாகும் என்று பாதிரியார்கள் சொல்வார்கள். எனக்கு லேசாகவில்லை. பொய்ச் சத்தியம் செய்தேன், வீட்டை இழந்தேன், அந்த அயோக்கியன் ஜெயித்தான். இதில் எது நல்லது? இரண்டு பேர் உயிரோடு இருக்கிறார்கள். அதுதான். அதிலும் ஒருவன் பாச்சோ.

ஜூலை 3

பாச்சோ வந்தான். நன்றி சொல்ல என்று நினைத்தேன். அவன் சொன்னது:

"மயிரைக் கழுவ வினிகர் வேணும்ல அம்மா? கொட்டடியில மிச்சம் இருக்கு. மலிவா தரேன்."

மலிவு இல்லை. வாங்கினேன்.

ஜூலை 19

தையற்காரர் வீட்டு முற்றத்தில் கழுவுகிறேன், காய வைக்கிறேன், சீப்பால் வாருகிறேன். புழுக்கையும் சின்னச் சின்ன எலும்பும் உதிர்கின்றன. கறை முக்கால் பங்கு போயிற்று. வெயிலில் நாற்றமே தெரியவில்லை. ஆனால் எலி கடித்து நூற்க முடியாதபடி துண்டு துண்டாகிவிட்டது. நெசவுக்காரர்கள் பார்த்துவிட்டுத் தலையாட்டிக்கொண்டு போகிறார்கள்.

பந்தலேயோ கப்பல் கூலி அனுப்பியிருக்கிறான், திரும்பி வருவதற்கு. எவ்வளவு கருணை! பெட்டியின் அடியில் போட்டுவிட்டேன்.

ஆகஸ்ட் 11

கிளாவெல் என்று ஒரு பிரெஞ்சுக்காரர் வந்தார். பெரிய மனிதர்களுக்குப் பொய்முடி செய்கிறவர். துண்டு மயிரை விரலில் சுற்றி, வெளிச்சத்தில் பிடித்து, முகர்ந்தார். முகம் சுளித்தது. நான் எலி விஷயத்தை மறைக்காமல் சொன்னேன். மறைத்து என்ன, மூக்கு இருக்கிறதே.

"அதுக்கென்ன அம்மா? சுருட்டி, மாவு தூவி, வாசனைத் தைலம் தடவிட்டா டோப்பா டோப்பாதான். மனுஷ மயிர் மட்டும் எங்கேர்ந்து வருதுன்னு நெனக்கிறீங்க? பாதி ஆஸ்பத்திரி, பாதி ஜெயிலு."

சீப்பைக் கீழே வைத்தேன். "எல்லா மூட்டையையும் எடுத்துக்குவீங்களா?" என்று கேட்டேன்.

எடுத்துக்கொள்கிறார், மாதம் ஒரு மூட்டையாக. நான் வாரிச் சுத்தம் செய்து கொடுக்க வேண்டும். வீடு வாங்கப் போதாது. அறைக்கும் ரொட்டிக்கும் போதும். பந்தலேயோவின் பணத்தை வந்த கப்பலிலேயே திருப்பி அனுப்பிவிட்டேன்.

நான் அவரிடம் சொன்னேன், அவர் யாரிடமும் சொல்ல மாட்டார், வாங்குகிறவன் கேட்க மாட்டான். ஆக நானும் இப்போது சரக்கை மறைத்து விற்கிற கூட்டத்தில் சேர்ந்தாயிற்று.

நவம்பர் 1. அனைத்துப் புனிதர் திருநாள்

காலையிலிருந்து கொட்டுகிற மழை. பூசைக்குப் போனேன். ஆலயத்தில் ஈரத் துணியும் மெழுகுவர்த்தியும் கூட்டமும், ஒரே புழுக்கம்.

எனக்கு முன் வரிசையில் எர்கோலே வந்து உட்கார்ந்தான். புதுச் சட்டை, தோள்வரை விழுகிற வெள்ளைப் பொய்முடி. மழையில் நனைந்து மாவு கரைந்து கழுத்தில் ஒழுகிக்கொண்டிருந்தது. கிளாவெலின் கைவேலை, சுருள் வைத்த விதத்திலேயே தெரிந்தது. என் மயிர்.

நற்செய்தி வாசிக்கும்போது நாற்றம் கிளம்பியது. அதே நாற்றம். மெழுகுவர்த்திச் சூட்டில் ஏற ஏற, பக்கத்தில் இருந்தவர்கள் கைக்குட்டையை எடுத்தார்கள். ஒரு கிழவி பெஞ்சுக்கடியில் குனிந்து தேடினாள். எர்கோலேயும் மூக்கை உறிஞ்சி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திரும்பிப் பார்த்தான். பிறகு கோயில் பணியாளைக் கைதட்டிக் கூப்பிட்டு அதட்டினான்.

"எலி மூத்திரம் இப்படி நாறுதே, என்னய்யா கோயில் பாக்குறீங்க? ஒரு பூனை வளத்தா என்ன?"

நான் முழங்காலில் நின்று முகத்தைக் கையால் மூடிக்கொண்டேன். பக்கத்துக்காரி அழுகிறேன் என்று நினைத்து முதுகைத் தடவிக்கொடுத்தாள்.

அறைக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு நன்றாகச் சிரித்தேன். கையை முகர்ந்து பார்த்துவிட்டு, இரண்டு தடவை கழுவினேன். நாளைக்கு அடுத்த மூட்டையைப் பிரிக்க வேண்டும்.